நாற்பத்தாறு வயதில் பி.எச்டி. படிக்கலாமா, மேடம்?

(பல ஆண்டுகள் தீக்காய வார்டில் நர்சாகவும், பிறகு செவிலியர் கல்லூரிப் பேராசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். இந்த இதழில், பணி அனுபவம் மிக்க நர்சுகள் முனைவர் பட்டத்துக்குத் திரும்புவது பற்றி வந்த கடிதங்கள்.)

கேள்வி: மேடம், எனக்கு வயது 46. 22 வருடங்களாக நர்ஸ். அதில் 14 வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில். இப்போது பி.எச்டி. சேர ஆசை. ‘ஐ.சி.யூ. நோயாளிகளின் மனக்குழப்பம்’ என்று தலைப்புகூட யோசித்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு வயதானவர்கள் திடீரென்று டிரிப்பைப் பிடுங்குவார்கள், எங்களையே திருடர்கள் என்பார்கள். சேர்க்கும்போது கழற்றி உறவினரிடம் கொடுத்த கண்ணாடியையும் காதுக் கருவியையும் கேட்டு வாங்கி மாட்டிவிட்டால் சிலர் அடங்கிவிடுகிறார்கள். இதெல்லாம் தினமும் பார்ப்பதுதான். ஆனால் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து என்னால் படிக்க முடியுமா? ‘ஓய்வு பெறும் காலத்தில் எதற்கு இந்தப் பட்டம்?’ என்று உடன் வேலை செய்கிறவர்களே கேட்கிறார்கள்.

பதில்: வயதைப் பற்றிப் பிறகு பேசலாம், அது சின்ன விஷயம். முதலில் அந்தத் தலைப்பைக் கிழித்துப் போடுங்கள். ‘ஐ.சி.யூ. நோயாளிகளின் மனக்குழப்பம்’ என்பது ஒரு துறையின் பெயர். அதில் கேள்வி எங்கே இருக்கிறது?

கேள்வி உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கிறது. ‘இதெல்லாம் தினமும் பார்ப்பதுதான்’ என்று நீங்களே ஒதுக்கித் தள்ளியிருக்கும் இடத்தில். கண்ணாடி, காதுக் கருவி. கடிதத்தைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான்.

ஏன் என்று சொல்கிறேன். 1999-இல் ஷேரன் இனோயே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேர், சாதாரண மருத்துவ வார்டு நோயாளிகள். நினைவுத் தடுமாற்றம், தூக்கமின்மை, நடமாட்டம் இல்லாமை, பார்வைக் குறை, செவிக் குறை, நீர்ச்சத்துக் குறைவு என்று ஆறு விஷயங்களைச் சேர்த்துக் கவனித்த பிரிவில் 9.9 சதவீதம் பேருக்கு டெலிரியம், அதாவது நீங்கள் சொல்லும் அந்தத் திடீர் மனக்குழப்பம், வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 15 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் டெலிரியம் ஒருமுறை வந்துவிட்ட பிறகு, அதன் கடுமையையோ அது திரும்ப வருவதையோ அந்தத் திட்டம் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. நீங்களோ, குழப்பம் வந்த பிறகு மாட்டிவிட்டாலும் அடங்குகிறார்கள் என்கிறீர்கள். உங்கள் கண் பார்த்ததும் அந்த ஆய்வு சொன்னதும் இந்த இடத்தில் ஒட்டவில்லை. முனைவர் பட்டத்துக்கான வேலை தொடங்குவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இனிமேல்தான் கஷ்டம். காதுக் கருவியைத் தேடிக் கொண்டுவந்து தரும் மகள் இருக்கிற நோயாளிக்கு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும் மகளும் இருக்கிறாள். அவரை அடக்கியது கருவியா, மகளா? அடுத்தது, டெலிரியத்தை எதை வைத்து அளப்பீர்கள்? டிரிப்பைப் பிடுங்குகிறவர் கண்ணில் படுவார். யாரையும் தொந்தரவு செய்யாமல் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பவரும் அதே குழப்பத்தில் இருக்கலாம், அவரை ‘நல்ல நோயாளி’ என்று ஹேண்டோவரில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். வென்டிலேட்டரில் இருப்பவர்களிடமும் செய்யக்கூடிய கேம்-ஐ.சி.யூ. சோதனை 2001-இல் வந்தது. அதில் கவனத்தைச் சோதிக்க, எழுத்துகளை வரிசையாக வாசித்து, குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். காதே கேட்காதவர் எப்படி அழுத்துவார்? அவர் தவறவிட்டது குழப்பத்தாலா, செவிக் குறையாலா? (படங்களைக் காட்டிச் செய்யும் மாற்று முறையும் உண்டு. ஆனால் உங்கள் நோயாளியின் கண்ணாடியும் அல்லவா வீட்டுக்குப் போய்விட்டது!) காதுக் கருவியை மாட்டியதும் மதிப்பெண் தேறினால், மனக்குழப்பம் தெளிந்தது என்று எழுதுவீர்களா, கேள்வி காதில் விழுந்தது என்று எழுதுவீர்களா? இந்தச் சிக்கல் பாடப் புத்தகத்தை மட்டும் படித்து வருகிறவருக்குச் சட்டென்று தோன்றாது. படுக்கையின் பக்கத்தில் நின்றவருக்குத் தோன்றும். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளிடம் இல்லாத உங்கள் சொத்து இதுதான்.

அதே அனுபவம் காலையும் வாரும். பாட்ரிசியா பென்னர் 1984-இல் நர்சுகளின் திறன் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். கடைசிப் படியில் இருப்பவர் விதிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, ஒரு பார்வையில் நிலைமையைப் புரிந்துகொள்கிறார். நீங்கள் அங்கே இருப்பவர். ஆய்வில் சேர்ந்த மறுநாள் முதல் படிக்கு வந்துவிடுவீர்கள். ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு அங்கே மதிப்பில்லை. ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பார்கள். வார்டுக்கே சார்ஜ் எடுத்துப் பழகியவருக்குப் பாடம் கடினமாக இருக்காது, இந்தக் கேள்விதான் சுருக்கென்று தைக்கும்.

எழுத்தும் அப்படித்தான். என்னிடம் ஆய்வு செய்ய வந்த அனுபவசாலி நர்சுகள் ஏறக்குறைய எல்லோருமே முதல் அத்தியாயத்தைக் கேஸ் ஷீட் நடையில்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். நடந்தது இருக்கும், நேரம் இருக்கும், யாரிடம் தெரிவிக்கப்பட்டது என்பது இருக்கும். எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இருக்காது. வருடக்கணக்கில் ‘கருத்து எழுதாதே, கண்டதை எழுது’ என்று பழக்கப்பட்ட கை அது. அதைத் திருப்ப ஒரே வழி, சேர்வதற்கு முன்பே வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதில் நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு விஷயத்தை ஒரு பக்கத்துக்கு எழுதிப் பார்ப்பது. படித்த கட்டுரைகளை முதல் நாளிலிருந்தே ஸோட்டெரோ மாதிரி ஒரு மென்பொருளில் சேர்த்து வையுங்கள், இலவசம்தான்.

வயதுக்கு வருகிறேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தால் முடிக்கும்போது ஐம்பதைத் தாண்டியிருப்பீர்கள். சம்பள உயர்வு மட்டும்தான் நோக்கம் என்றால், ஓய்வுக்கு மிச்சமிருக்கும் வருடங்களையும் படிப்புச் செலவையும் எதிரெதிரே வைத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கணக்கு ஒத்துவராமல் போகலாம். அப்படியானால் சேராதீர்கள் என்றே சொல்வேன். அந்தக் காதுக் கருவி விஷயம் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் சேருங்கள்.

கேள்வி: பி.எச்டி., டி.என்.பி. (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்) என்று இரண்டு சொல்கிறார்களே, அனுபவம் உள்ள நர்சுக்கு எது பொருத்தம்?

பதில்: படுக்கைப் புண்ணை வைத்துச் சொல்கிறேன், நம் எல்லோருக்கும் தெரிந்த எதிரி.

பிரிட்டனில் டோரின் நார்ட்டன் என்ற நர்ஸ், முதியோர் வார்டுகளில் ஆய்வு செய்து, 1962-இல் வெளியான அறிக்கையில், யாருக்குப் புண் வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க ஓர் அளவுகோலைத் தந்தார். பொது உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்று ஐந்து அம்சங்கள். தோலில் எதைத் தடவினோம் என்பதைவிட எப்போது திருப்பிப் படுக்கவைத்தோம் என்பதில் கவனம் திரும்பியதும் அந்த வேலையால்தான். பிறகு அமெரிக்காவில் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1987-இல் ஆறு அம்சங்கள் கொண்ட பிரேடன் அளவுகோலை வெளியிட்டார்கள். 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம். இப்படி இல்லாத ஒன்றை உருவாக்குவது, அது சரியாக அளக்கிறதா என்று நிரூபிப்பது பி.எச்டி. வேலை.

உங்கள் வார்டில் பிரேடன் படிவம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நிரப்பப்படுகிறது, ஆனாலும் புண் வந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணைப் போட்டவர் அதன்பிறகு எதையும் செய்யவில்லை. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, வேலை முறையை மாற்றி, மாற்றம் நிலைத்ததா என்று அளந்து காட்டுவது டி.என்.பி. வேலை. எது உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டாவது வேலை நடக்காததால் முதலாவது வேலை அலமாரியில் தூங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டி.என்.பி. புதிய பட்டம். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகம் 2001-இல் முதலில் தொடங்கியது. 2004-இல் அங்குள்ள செவிலியர் கல்லூரிகள் சங்கம், உயர்நிலை நர்ஸ் பணிகளுக்கான தயாரிப்பு 2015-க்குள் இந்தப் பட்டத்துக்கு மாறவேண்டும் என்று அறிவித்தது. அந்த வருடம் வந்து போய்விட்டது, முதுகலைப் பட்டத்தோடு அந்தப் பணிக்கு வரும் வழி இன்னும் மூடவில்லை. வேறு பல நாடுகளில் இந்தப் பெயரில் பட்டமே கிடையாது. ஆகவே நீங்கள் எந்த நாட்டில் வேலை பார்க்கப்போகிறீர்களோ, அங்குள்ள செவிலியர் மன்றமும் பல்கலைக்கழகங்களும் இதை என்னவாக மதிக்கின்றன என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. வேறு துறையில் முனைவர் பட்டம். லிண்டா ஐக்கன் நர்ஸ்தான். அவருடைய முனைவர் பட்டம் சமூகவியலில். 2002-இல் அவர் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. ‘ஆள் போதவில்லை’ என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் புலம்பியதை எண்ணாக்கி மேசையில் வைத்தது அந்த ஆய்வு.

கேள்வி: நான் நர்சிங் கண்காணிப்பாளர். என் மருத்துவமனையிலேயே, என் நர்சுகளிடமே ஆய்வு செய்தால் அலைச்சல் மிச்சம். செய்யலாமா?

பதில்: அலைச்சல் மிச்சமாகும். தகவல் கெட்டுப்போகும்.

விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பேட்டிக்குக் கூப்பிட்டால் யார் முடியாது என்பார்கள்? வாருங்கள் என்றால் வருவார்கள், ‘எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம்’ என்பார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கும், சம்மதம் இருக்காது. மனிதர்கள்மீது செய்யும் மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இல் வந்தது. சார்ந்திருப்பவரிடம் சம்மதம் வாங்கும்போது தனிக் கவனம் வேண்டும், தொடர்பில்லாத வேறொருவர் வாங்குவதே முறை என்று அது சொல்கிறது. எத்திக்ஸ் கமிட்டியும் இதைத்தான் முதலில் கேட்கும்.

வேறு மருத்துவமனைக்குப் போங்கள். முடியவே முடியாது என்றால், அழைப்பையும் பேட்டியையும் உங்களுக்குக் கீழே இல்லாத ஒருவர் செய்யட்டும். யார் மறுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது. பெயர் நீக்கிய எழுத்துப்படி மட்டும் உங்களிடம் வரட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளராக ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், மானிட்டரில் ஆக்சிஜன் இறங்குகிறது. அந்த நொடியில் நீங்கள் நர்ஸ், பேட்டி முடிந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வருவது வேறு இடத்தில். பேட்டியில் ஒரு நோயாளி, ‘இரவு வருகிறவர் மருந்து கொடுக்காமலே கொடுத்ததாக எழுதுகிறார்’ என்று சொல்கிறார். ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதே சமயம் நர்சாகப் பதிவு செய்திருப்பவர், நோயாளிக்கு ஆபத்து என்றால் சும்மா இருக்கவும் முடியாது. இதற்கு அந்த இடத்தில் நின்று விடை தேடக்கூடாது. ‘யாருக்காவது ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் அதை மட்டும் தெரிவிப்பேன்’ என்று சம்மதப் படிவத்திலேயே எழுதி, பேட்டி தொடங்கும்முன் வாயாலும் சொல்லிவிட வேண்டும். யாரிடம் தெரிவிப்பீர்கள் என்பதும் ஆய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: புள்ளியியல் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பள்ளியிலேயே கணக்கு வராது.

பதில்: நோயாளியின் எடைக்கு, நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதியிருப்பதை, இன்ஃப்யூஷன் பம்பில் மணிக்கு இத்தனை மில்லி என்று மாற்றி, நைட் டூட்டியில் மூன்று மணிக்குத் தவறில்லாமல் ஏற்றுகிறீர்கள். கணக்கு வராது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மேலே ஐ.சி.யூ. சகோதரிக்குச் சொன்ன எண்களையே எடுங்கள். நூறு பேரில் 15 பேருக்கு வந்தது 9.9 ஆகக் குறைந்தது. வித்தியாசம் 5.1. நூறை 5.1-ஆல் வகுத்தால் சுமார் 20. அதாவது 20 பேரை அப்படிக் கவனித்துக்கொண்டால் ஒருவருக்கு டெலிரியம் வராமல் தடுக்கலாம். இவ்வளவு வேலைக்கு ஒருவர்தானா, அல்லது ஒருவர் என்றாலும் லாபமா என்று முடிவு செய்ய உங்களைவிடத் தகுதியானவர் யார்? மிச்சமெல்லாம் இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று கேட்கும் வழிகள். மென்பொருள் கணக்குப் போடும். எந்தக் கணக்கைப் போடச் சொல்வது என்பதுதான் படிப்பு. அதற்குத் தகவல் திரட்டுவதற்கு முன்பே ஒரு புள்ளியியல் நிபுணரைப் பாருங்கள். திரட்டிய பிறகு போனால் அவரால் அனுதாபம்தான் தெரிவிக்க முடியும்.

கேள்வி: ‘குறுகிய காலத்தில் பி.எச்டி., ஆய்வேடும் நாங்களே எழுதித் தருவோம்’ என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நேரமில்லாதவர்களுக்கு இது வசதிதானே?

பதில்: நாளைக்கு ஒருவர், ‘டூட்டிக்கே வராமல் கேஸ் ஷீட்டை நிரப்பித் தருகிறேன்’ என்றால் ஒப்புக்கொள்வீர்களா? பெயரையும் பதிவையும் ஒருசேர இழக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரிய பெயர் உள்ளவரிடம் போனால் நல்லதா?

பதில்: அவரைப் பார்ப்பதற்கு முன் அவருடைய மாணவர்களைப் பாருங்கள். முடித்தவரிடம் ஒரு கேள்வி: அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திரும்பி வரும்? பாதியில் விட்டவர் ஒருவரையும் தேடிப்பிடித்து, ஏன் விட்டார் என்று கேளுங்கள். பாதியில் விட்டவர்களின் பேச்சுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். பெரிய பெயர் விமானத்திலேயே இருக்கும். தவிர, உங்களைவிட வயதில் இளையவர் நெறியாளராக அமையலாம். அவர் ‘இது போதாது’ என்று சிவப்பு மையில் எழுதும்போது முகம் சுளிக்காமல் இருக்க முடியுமா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவி நர்ஸ். பி.எச்டி. சேர்ந்திருக்கிறாள். நான் எப்படி உதவலாம்? ஊக்கம் தரும் வார்த்தைகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில்: வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள், ஐயா. நைட் டூட்டி முடிந்து வருகிறவருக்கு முதலில் தேவை தூக்கம். தூங்கி எழுந்த பிறகு யாரும் கதவைத் தட்டாத மூன்று மணி நேரம் தேவை. அது வாரத்தில் எந்தெந்த நாள் என்று இருவரும் சேர்ந்து எழுதி ஒட்டுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் காய்ச்சல், கேஸ் சிலிண்டர், உங்கள் அம்மாவின் மாத்திரை எல்லாம் உங்கள் பொறுப்பு. ‘எப்போது முடியும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். உலகத்தில் உள்ள எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் பிடிக்காத கேள்வி அது.

கேள்வி: பட்டம் வாங்கிய பிறகு என் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட்டுக்கொண்டேன். வார்டு மருத்துவர் ஒருவர், ‘எந்த டாக்டர், ஊசி போடும் டாக்டரா?’ என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். என்ன பதில் சொல்வது?

பதில்: அவருக்குப் பதில் சொல்வது கடைசி வேலை. பட்டம் உங்களுடையது. கட்டுரையில், பெயர்ப்பலகையில், கருத்தரங்க மேடையில் போட்டுக்கொள்ளுங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் மட்டும் குழப்பம் வரக்கூடாது. மயக்கம் தெளிந்து கண் விழிக்கிறவருக்கு, எதிரே நிற்பவர் மருந்து எழுதப்போகிறவரா, அதைக் கொடுக்கப்போகிறவரா என்பது தெரிய வேண்டும். ‘வணக்கம், நான் உங்கள் நர்ஸ். செவிலியத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவள்’ என்றால் போதும். சில இடங்களில் இதற்குச் சட்டமும் இருக்கிறது, உங்கள் இடத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மருத்துவர் அடுத்த முறை கேட்டால், உங்கள் ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கொடுத்து, மூன்றாம் அத்தியாயத்தில் குறை இருந்தால் சொல்லும்படி கேளுங்கள். படிக்கிறவராக இருந்தால் நண்பராகிவிடுவார்.

கேள்வி: முனைவர் பட்டம் வாங்கினால் வார்டை விட்டு வகுப்பறைக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? எனக்கு நோயாளிகளை விட்டுப் போக மனமில்லை.

பதில்: பெரும்பாலான இடங்களில் வார்டு நர்சுக்கென்று அந்தப் பட்டத்துக்கு ஏற்ற பதவியே இருக்காது. ஆகவே கல்லூரிக்கோ நிர்வாகத்துக்கோ தள்ளிவிடுவார்கள். சில நாடுகளில் வாரத்தில் பாதி வார்டு, பாதி பல்கலைக்கழகம் என்று கூட்டுப் பதவிகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனையில் அப்படி இல்லையென்றால், படிப்பு முடிந்த பிறகு போய்க் கேட்காதீர்கள். அப்போது உங்கள் இடத்தில் வேறொருவர் இருப்பார். சேர்வதற்கு முன், படிப்பு விடுப்புக்கு விண்ணப்பிக்கும் அதே கடிதத்தில், முடித்துத் திரும்பினால் வாரத்தில் இத்தனை ஷிஃப்ட் வார்டு, இத்தனை நாள் ஆய்வு என்று நீங்களே ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள். எந்த வார்டு, எந்தப் பிரச்சினை, அதனால் மருத்துவமனைக்கு என்ன மிச்சமாகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சம்மதித்தால் கையெழுத்து வாங்கிய பிறகு பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புங்கள்.